காற்றைச் சுத்தம் செய்யும் திட்டம் நம் தெருவுக்கு எப்போது வரும்?



சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தாயார் வந்தார். மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மழை விட்டுப் பனி தொடங்கியதிலிருந்து இரவானால் மூச்சு இழுக்கிறது. இரண்டு முறை நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்ள நெபுலைசர் கருவி வாங்க உதவி வேண்டும் என்று மனு கொடுத்தார். இந்தக் குளிர்காலத்தில் இதே காரணத்துக்காக எங்களிடம் வந்த நான்காவது மனு அது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார்.

"காத்தைச் சுத்தம் பண்ண கவர்மெண்டு கோடி கோடியா செலவு பண்ணுதுன்னு டிவியில சொன்னாங்களே பாய், அது நம்ம தெருவுக்கு எப்ப வரும்?"

விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம். அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்தே இந்த இதழில் எழுதுகிறோம். அரசுத் திட்டம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் சமையற்கட்டு வரை வரும் விஷயம் இது.

அவர் டிவியில் கேட்டது தேசியத் தூய காற்றுத் திட்டம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன் நாட்டில் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-லேயே வந்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் ஆலைகளின் புகைபோக்கியைப் பார்த்து எழுதப்பட்ட சட்டம். அனுமதி வாங்கினீர்களா, அளவுக்கு மேல் புகை விட்டீர்களா என்று ஆலைக்காரரைக் கேட்கும். ஒரு நகரத்தின் மொத்தக் காற்றும் இத்தனை ஆண்டுக்குள் இவ்வளவு சுத்தமாக வேண்டும் என்று நாடு தழுவிய அளவில் கெடு வைத்தது இந்தத் திட்டம்தான்.

தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தேசிய அளவுகோலைத் தாண்டிய நகரங்களைத்தான் முதலில் எடுத்தார்கள். அப்போது 102 நகரங்கள். தமிழ்நாட்டிலிருந்து தூத்துக்குடி மட்டும் இருந்தது. பிறகு பட்டியல் வளர்ந்து 130-ஐ எட்டியது. இன்று தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, தூத்துக்குடி ஆகியவற்றோடு நம் திருச்சியும் அதில் இருக்கிறது. 2017-இல் இருந்த தூசி அளவிலிருந்து 2024-க்குள் 20 முதல் 30 சதவீதம் குறைப்பது முதல் இலக்கு. 2022-இல் அதை உயர்த்தி, 2025-26 முடிவதற்குள் 40 சதவீதம் குறைக்க வேண்டும், அல்லது தேசிய அளவுகோலுக்குள் வந்துவிட வேண்டும் என்றார்கள். அந்தக் கெடு 2026 மார்ச் வரை. இதற்கென்று ஒதுக்கப்பட்ட தொகை 19,000 கோடி ரூபாய்க்கு மேல்.

ஆகவே அந்தத் தாயாருக்கு முதல் பதில், திட்டம் நம் ஊருக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன என்பதுதான். இங்கே வேலை நடப்பது இப்படி: டெல்லி இலக்கு வைக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளக்கிறது, மாநகராட்சி பணத்தைச் செலவு செய்கிறது. ஒவ்வொரு நகரமும் தனக்கென்று ஒரு செயல்திட்டம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எந்தச் சாலை, எந்தக் குப்பை மேடு, எத்தனை கருவி என்பதெல்லாம் அதில் வரும்.

அப்படியானால் பையனுக்கு ஏன் இன்னும் மூச்சு இழுக்கிறது? இதைப் புரிந்துகொள்ள, அவர்கள் எதை அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

காற்றில் மிதக்கும் துகள்களை இரண்டு சல்லடையில் சலிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சல்லடையில் 10 மைக்ரான் வரை உள்ள துகள்கள் விழும். அதற்குப் பெயர் பிஎம் 10. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது அதில் ஏழில் ஒரு பங்கு. சாலைப் புழுதி, மணல், கட்டடம் இடிக்கும் தூசி இதில்தான் அதிகம். இரண்டாவது சல்லடை இன்னும் நைசானது. 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை பிஎம் 2.5. இவை முடியின் தடிமனில் அதிகபட்சம் இருபத்தெட்டில் ஒரு பங்குதான் இருக்கும். இவை பெரும்பாலும் எரிவதிலிருந்து வருகின்றன: டீசல், விறகு, கரி, குப்பை, பிளாஸ்டிக்.

பெரிய தூசியை மூக்கின் முடியும் தொண்டைச் சளியும் கொஞ்சமாவது பிடித்து நிறுத்தும். தும்முகிறோம், காறித் துப்புகிறோம், வெளியே போகிறது. நைசான துகளை நிறுத்த உடம்பில் அப்படி ஒரு வாசற்கதவு இல்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலந்துவிடுகின்றன. குழந்தைக்கு வீசிங், வாப்பாவுக்கு மாரடைப்பு, பெரியத்தாவுக்குப் பக்கவாதம் என்று மூன்று வீட்டில் மூன்று பெயரில் வரும் நோய்களில் இந்த ஒன்றுக்கும் பங்கு இருக்கிறது.

நம் நாட்டு அளவுகோல்படி பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். இது 2009-இல் வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5. இரண்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். பத்திரிகையில் நம் ஊர்க் காற்று வரம்புக்குள் இருக்கிறது என்று செய்தி வந்தால், எந்த வரம்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

முக்கியமான செய்தி இனித்தான். தேசியத் திட்டம் தொடங்கும்போது இரண்டு வகைத் துகளையும் குறைப்போம் என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் நகரங்களுக்கு மதிப்பெண் போடுவதும், அதைப் பார்த்துப் பணம் கொடுப்பதும் பிஎம் 10 அளவை வைத்துத்தான் நடந்து வந்திருக்கிறது. பரீட்சையில் எதற்கு மார்க் உண்டோ அதைத்தானே பிள்ளைகள் படிப்பார்கள்? நகரங்களும் அதையே செய்தன. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, திட்டப் பணத்தில் சுமார் 64 சதவீதம் சாலைத் தூசியை அடக்கவே போயிருந்தது. தார் போட, ஓரத்தில் கல் பதிக்க, பெருக்கும் இயந்திரம் வாங்க, தண்ணீர் தெளிக்க. குப்பையும் விறகும் எரிவதைத் தடுக்க 15 சதவீதத்துக்கும் குறைவு, வாகனப் புகைக்கு 13 சதவீதத்துக்கும் குறைவு. ஆலைகளுக்கு ஒரு சதவீதம் கூட இல்லை.

நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் பிஎம் 10 குறைந்திருக்கிறது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. சாலை ஓரத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் நம் சகோதரிக்கும், நாள் முழுக்க ஆட்டோ ஓட்டும் தம்பிக்கும் புழுதி குறைவது பெரிய விஷயம்தான். ஆனால் புழுதியைப் பெருக்கி எடுக்கலாம். புகையை எந்த இயந்திரத்தாலும் பெருக்க முடியாது. எரிப்பதை நிறுத்தினால்தான் புகை நிற்கும். அந்தப் பையனின் நெஞ்சில் இரவில் உட்கார்ந்திருப்பது புகை.

வேறு வழிகளில் அரசு புகையையும் குறைத்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் புதிய வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற கடுமையான விதி வந்தது. பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்ததை 10 பங்காக்கினார்கள். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் நம் பகுதியிலும் பல வீடுகளுக்கு முதல் சிலிண்டர் வந்தது. ரீபில் வாங்கக் கையில் பணம் இல்லாமல் சிலர் மறுபடி விறகுக்குப் போனதும் எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட குடும்பங்கள் தயங்காமல் பைத்துல்மால் பொறுப்பாளரைப் பார்க்கலாம்.

சரி, நம் தெருவில் புகை எங்கிருந்து வருகிறது?

அரியமங்கலம் குப்பைக் கிடங்கு என்றால் திருச்சியில் தெரியாதவர் இல்லை. தஞ்சாவூர் சாலையில் 47 ஏக்கர் அளவில், ஊர்க் குப்பையெல்லாம் பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் கொட்டி மலையாகக் கிடந்த இடம். கோடையில் தீப்பிடித்தால் லேசில் அணையாது. மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். குப்பை மக்கும்போது எரியக்கூடிய மீத்தேன் வாயு உண்டாகிறது. தீ அடங்காததற்கு அதுவும் காரணம். பயோமைனிங் என்ற முறையில் பழைய குப்பையைக் கிளறி, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு என்று பிரித்து அகற்றும் வேலை அங்கே நடத்தப்பட்டது. குப்பையை வார்டிலேயே தரம் பிரித்து, நுண் உரமாக்கும் கூடங்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் மாநகராட்சி கொண்டு வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். கிடங்குக்கு வண்டி வண்டியாகப் போன குப்பை குறைந்தால்தான் அந்தத் தீ குறையும்.

ஆனால் குப்பை மேட்டைக் கைகாட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு நடந்து போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் அந்த நேரத்தில் தெருவில் பனி மாதிரி ஒன்று தொங்கும். அது முழுக்கப் பனி அல்ல. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று, அண்டாவின் மேல் தட்டு வைத்து மூடியது போல நின்றுகொள்கிறது. முன்னிரவில் நாம் எரித்தது எதுவும் மேலே போக வழியில்லை. வெயில் ஏறி அந்த மூடி திறக்கும் வரை அதையே எல்லோரும் சுவாசிக்கிறோம். பகலில் எரித்தால் கரைந்து போகும் புகை இரவில் எரித்தால் கரைவதில்லை. அதனால்தான் குழந்தைகளுக்கு விடியற்காலையில் இழுப்பு கூடுகிறது.

போகியிலும் தீபாவளியிலும் புகை என்று பேச நமக்கு வாய் நீளும். ஆண்டு முழுவதும் நம் தெருமுனையில் எரிவது யாருடைய குப்பை? வலீமா விருந்து முடிந்ததும் பிளாஸ்டிக் விரிப்பும் தண்ணீர் பாட்டிலும் காகிதத் தட்டும் ஒரு மூலையில் குவிகின்றன. வண்டி வரும் வரை பொறுக்காமல் யாரோ ஒருவர் நெருப்பு வைக்கிறார். திறந்த வெளியில் குப்பை எரிக்கக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. யாரும் அபராதம் கட்டி நாங்கள் பார்த்ததில்லை. நம் பகுதியில் எரியும் குப்பையைப் படம் எடுத்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். மூன்று நாள் கழித்து, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்குள் எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. ஒரு வகையில் அவர்கள் சொன்னது சரிதான்.

நம்முடைய சொந்தக் கணக்கையும் இங்கே வைத்துவிடுகிறோம். நோன்புக் கஞ்சி விஷயம்.

பள்ளிவாசலின் பின்கட்டில் நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து விறகு அடுப்பில்தான் கஞ்சி காய்ச்சினோம். லுஹர் முடிந்ததும் அடுப்பு மூட்டினால் அஸருக்குப் பின் வரை எரியும். அந்தப் புகை முழுவதும் சுவரை ஒட்டியிருக்கும் மூன்று வீடுகளுக்குள் போகும். நோன்பு மாதம் என்பதால் அந்த வீட்டுக்காரர்கள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அதில் ஒரு வீடு பிற மதத்தாருடையது. அவர்களும் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். எங்களுக்கு உறைத்தது எப்படி என்றால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கஞ்சி காய்ச்சிய நம் மாஸ்டரை நெஞ்சு சிகிச்சைக்கு அழைத்துப் போனபோது, பீடி சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. பிறகு என்ன தொழில் என்று கேட்டார். சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

கடந்த ரமளானுக்கு முன் கேஸ் அடுப்புக்கு மாறலாம் என்று கூட்டத்தில் சொன்னோம். பெரிய எதிர்ப்பே வந்தது. விறகில் காய்ச்சினால்தான் ருசி, நம் பாட்டனார் காலத்து வழக்கம், செலவு தாங்காது. எல்லாரையும் விடப் பிடிவாதமாக நின்றவர் அந்த மாஸ்டர்தான்! "அடுப்பு மாறுனா கை மாறிப்போகும்ங்க" என்றார். கடைசியில் பத்து நாள் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் 19 கிலோ வணிக சிலிண்டர் எடுத்தோம். செலவு கூடியது உண்மை. விறகுக்குச் சந்தா கொடுத்து வந்த ஒரு குடும்பம் அதை ஏற்றுக்கொண்டது, அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. முதல் இரண்டு நாள் கஞ்சி அடிப்பிடித்தது. விமர்சனம் பலமாக இருந்தது. பிறகு யாரும் பேசவில்லை. பத்து நாள் கழிந்ததும் மாஸ்டர் எங்களிடம் எதுவும் சொல்லாமல் மீதி விறகை எடைக்குப் போட்டுவிட்டார்.

இதையெல்லாம் மார்க்கத்தோடு சேர்த்துப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வெங்காயம், பூண்டு பச்சையாகத் தின்ற வாடையோடு பள்ளிக்கு வருவதையே நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அறிவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு வாடை சங்கடம் தரக்கூடாது என்றால், நோய் தரும் புகையைப் பற்றி என்ன சொல்வது? ஃபிக்ஹு கலை இதை விட்டுவைக்கவில்லை. ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து உஸ்மானிய ஆட்சியில் 1869-க்கும் 1876-க்கும் இடையில் வெளியான மஜல்லாவில் அண்டை வீட்டாருக்கான தீங்குகள் வரிசையாக வருகின்றன. ஒருவர் தம் சொந்த இடத்தில் ரொட்டி அடுப்பு வைத்து, அதன் புகையால் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாமல் போனால் அது அகற்றப்பட வேண்டிய தீங்கு. களத்தில் போரடிக்கும் தூசி வீட்டுக்குள் அடித்தாலும் அப்படியே. பார்த்தீர்களா, புகை ஒன்று, தூசி ஒன்று. அரசு இன்று இரண்டு சல்லடையில் அளப்பதை அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மூச்சை வைத்து அளந்திருக்கிறார்கள். என் இடம், என் அடுப்பு என்ற வாதம் அங்கே செல்லவில்லை.

வீட்டுக்குள்ளே வருவோம். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. சளி பிடிக்காது என்று பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு அது நேரெதிரான வேலையைச் செய்கிறது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். துண்டால் தலையைத் துவட்டினாலே போதும். இதைவிடப் பெரியது கொசுவர்த்தி. மூடிய அறையில் எரியும் ஒரு சுருள், 75 முதல் 137 சிகரெட் புகைத்தால் எவ்வளவு நுண்துகள் வருமோ அவ்வளவை வெளியிடுகிறது என்று ஆய்வாளர்கள் 2003-லேயே அளந்து சொன்னார்கள். வீட்டில் சிகரெட்டை அனுமதிக்காத நாம், அந்தச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். கொசுவலை வாங்க முடியாத வீடு என்றால் எங்களிடம் சொல்லுங்கள். நெபுலைசருக்குக் கொடுக்கும் தொகையில் பல வலைகள் வாங்கலாம்.

நெபுலைசர் என்றதும் இன்னொன்று. வீசிங் உள்ள குழந்தைகள் பலருக்கு, ஸ்பேசர் என்ற குழாயோடு இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தினால் அதே மருந்து நன்றாகவே உள்ளே போகும், செலவும் குறைவு. இன்ஹேலர் போட்டால் அதற்கே அடிமையாகிவிடும் என்ற பேச்சு தவறு. பொண்ணு கல்யாணத்துக்குத் தடையாகும் என்று அதை ஒளித்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இனி நெபுலைசர் கேட்டு வருகிறவர்கள் மருத்துவரின் சீட்டோடு வந்தால், எது தேவையோ அதை வாங்கித் தருகிறோம். நோன்பு வைத்துக்கொண்டு இன்ஹேலர் பயன்படுத்தலாமா என்ற கேள்வியை நம் இமாம் ஹஜ்ரத்திடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மசாயில் தெரியாமல் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

கையில் ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளைகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியை இறக்கி வைக்கலாம். காற்றின் தரத்தை 0 முதல் 500 வரை ஒரே எண்ணாகக் காட்டும். 50 வரை நல்லது, 100 வரை பரவாயில்லை. 200-ஐத் தாண்டினால் மோசம், அன்று மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தையையும் முதியவரையும் விடியற்காலைப் பனியில் வெளியே அனுப்பாதீர்கள். ஆனால் கருவி நிற்கும் இடத்துக் காற்றைத்தான் அந்த எண் சொல்லும். உங்கள் சந்தில் யாரோ டயர் எரிப்பது அதற்குத் தெரியாது. செயலியை விட உங்கள் மூக்கை நம்புங்கள்.

திட்டம் நம் தெருவுக்கு எப்போது வரும் என்ற கேள்விக்கு மீதிப் பதில் இதுதான். கேட்கிற தெருவுக்கு முதலில் வரும். தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபாவும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. பகுதி சபாவில் சாக்கடை, தெருவிளக்கு பற்றிப் பேசுகிறார்கள். காற்றைப் பற்றி நம் பகுதியில் யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. நாமும் திறக்கவில்லை. மாநகராட்சி இந்தத் திட்டத்தில் எவ்வளவு பெற்றது, எந்த வார்டில் எதற்குச் செலவு செய்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த மனுவை அறக்கட்டளை சார்பில் எழுதி அனுப்பிவிட்டோம். பதில் வந்ததும் அப்படியே இந்த இதழில் அச்சிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

பகுதி சபாவுக்கும் கவுன்சிலருக்கும் தனியாக ஒரு மனு தயாராக இருக்கிறது. அதில் மூன்று கோரிக்கைகள்தான். மதரஸா சந்தின் முனையில் குப்பை வண்டி காலை ஒருமுறை, இரவு விருந்து நாட்களில் மறுமுறை வர வேண்டும். அங்கே குப்பை எரிப்பவர் யாராக இருந்தாலும், நம் ஜமாஅத்தாராக இருந்தாலும், அபராதம் போட வேண்டும். தொடக்கப் பள்ளிக்கும் பெண்கள் மதரஸாவுக்கும் நடுவில் உள்ள சாலைக்குத் தார் போட வேண்டும். ஜும்ஆ நேரத்தில் பள்ளி வாசலில் வண்டியை ஓடவிட்டு நிறுத்தாதீர்கள் என்ற கோரிக்கையையும் சேர்க்கச் சொன்னார்கள். அதை மாநகராட்சியிடம் கேட்பானேன், வருகிற வெள்ளிக்கிழமை நாங்களே வாசலில் நின்று சொல்கிறோம்.

வலீமா வைக்கும் குடும்பங்களுக்கு ஒரு அறிவிப்பு. மண்டபம் பதிவு செய்ய வரும்போது குப்பை வண்டிக்கான தொகையும் சேர்த்து வாங்கப்படும். இலையும் உணவு மிச்சமும் ஒரு தொட்டியில், பிளாஸ்டிக் வேறு தொட்டியில் போட வேண்டும். மண்டபத்தின் பின்பக்கம் நெருப்பு வைத்தால் முன்பணம் திருப்பித் தரப்படாது. இது கூட்டத்தில் எடுத்த முடிவு.

அந்தத் தாயாரின் மகனுக்கு மருத்துவர் ஸ்பேசரே போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், வாங்கிக் கொடுத்துவிட்டோம். பகுதி சபா மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. மற்றவர்கள் அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திடலாம். பெண்கள் வர வசதிப்படாவிட்டால் திங்கட்கிழமை பெண்கள் மதரஸாவில் நோட்டு வைக்கப்படும்.